சீட்டின் பின்பக்கம்

இதைக் கண்டெடுத்தவர் யாராக இருந்தாலும் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். எங்களுக்குப் பயிற்சி தரும் மிருணாளினி மேடத்துக்குக் காட்டவே காட்டாதீர்கள். வேம்பாரில் இருக்கும் என் அம்மாவுக்கும் வேண்டாம். தண்ணீரில் போட்டால் பென்சில் எழுத்து அழியாது. படித்து முடித்ததும் சிறு துண்டுகளாகக் கிழித்துவிடுங்கள்.

முதல் இரவு, 22:10. அறை 3-இல் கரியமில வாயு: 0.5

சோதனை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. அறை 3 உள்ளிருந்து தாழிடப்பட்டுள்ளது. உள்ளே நான்கு பேர். உயிர்வாயு சீராகப் போகிறது. கரியமில வாயு நூற்றுக்கு 0.5. அலுவல் குறிப்பேட்டிலும் இதையேதான் எழுதினேன். அது நீல அட்டை போட்டது, தினமும் காலையில் மேடம் பார்ப்பார். இது என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை.

என் பெயர் இன்பென்டா. பதினொன்றாம் வகுப்பு. மன்னார் வளைகுடாவில் நாற்பது மீட்டர் ஆழத்தில், ஒரு கடலடி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் இருக்கிறேன். பல மாவட்டப் பள்ளிகளில் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த ஐந்து பெண்களில் ஒருத்தி. எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான்: நாம் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்பு டப்பாக்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றுக்கு மாற்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டோம். சங்கையும் சிப்பியையும் சுட்ட சுண்ணாம்பு. இரண்டு டப்பாக்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஐந்து இரவுகள் நான்கு பேரும் அறை 3-இல் தூங்க வேண்டும். ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு மேலதிகாரிகள் வருகிறார்கள்.

நான் உள்ளே இல்லை. நடைபாதையின் கோடியில், கேட்பவளின் அறையில் இருக்கிறேன்; இப்போது இங்கே எனக்கு அதுதான் பெயர். ஒரு கட்டில், எண் காட்டும் சின்னத் திரை, அறை 3-க்கும் மேடத்தின் அறைக்கும் கேட்கும் மணி, ஒரு பேசுகருவி. கட்டிலுக்கு அடியில் ஒரு நல்ல டப்பா, அவசரத்துக்கு. எண் 3 ஆனால் மணி அடிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. முன்பு தானாக அலறும் அபாயச் சங்கு ஒன்று இருந்தது. ஈரத்தில் மூன்று முறை வீணாக அலறியது. மேடம் அதன் கம்பியைப் பிடுங்கச் சொன்னார். இயந்திரத்தைவிடக் கூடப் படிக்கும் தோழியின் கண் நம்பகமானது என்றார்.

அந்தத் தோழி நான்தான்.

முதல் இரவு, 23:50. அறை 3: 0.5

தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இங்கே ஒரு யோசனை யாருடையது என்று முதலில் யாருக்கும் தெரியக் கூடாது. பெயர் போடாமல் மஞ்சள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். இயந்திரம் சீட்டின் முன்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு சீட்டை நாராக்கிவிடும். கையெழுத்தை வைத்து யாரும் ஆள் பார்க்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். தேர்வான சீட்டை மேடம் வாசித்ததும் எழுதியவள் எழுந்து நிற்க வேண்டும். முதலில் எழுபவள்தான் உரியவள். அதில் கேள்வி இல்லை, நம்பிக்கைதான் குழு. எழுந்தவள்தான் மேலதிகாரிகள் முன் பேசுவாள். அவளுக்கு அந்த நிறுவனத்தின் கல்லூரியில் இடம்.

மேடம் வாசித்தது என் சீட்டு. எங்கள் அம்மா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்க்கிறாள். சிப்பிச் சுண்ணாம்பு திறந்து கிடந்தால் காற்றைக் குடித்துச் செத்துப்போகும் என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.  வெறுங்காலோடு எழுந்து நிற்கக் கூச்சமாக இருந்தது. செருப்பைத் தேடினேன். ஒரு கால் கிடைத்தது. இன்னொரு காலை நுழைப்பதற்குள் நிவேதனா எழுந்து நின்றுவிட்டாள்.

கோயம்புத்தூர்க்காரி. குழுத் தலைவி. எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு காலில் செருப்போடு நானும் தட்டினேன்.

இரண்டாம் இரவு, 22:30. அறை 3: 0.6

காலை ஆறரைக்கு என் கதவில் இரண்டு தட்டு. திறந்து பார்க்கவில்லை. அது ஷமீமா என்று தெரியும், காயல்பட்டினத்துக்காரி. இங்கே வந்த முதல் நாளே எனக்கு வாந்தி வந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவள். கேட்பவளோடு பேசக் கூடாது என்பது விதி, அதனால் தட்டிவிட்டுத் தேநீரை வைத்துவிட்டுப் போகிறாள். ஆறவிட்டுக் கொட்டினேன். என்னைக் கேட்பவளாக்கக் கை தூக்கிய நால்வரில் அவளும் ஒருத்தி.

அது எப்படி நடந்தது என்றால், சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதியிருந்தேன். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டால் தெரிவதற்காக அதில் ஒரு சாயம் கலக்கிறார்கள். தீரத் தீர ஊதா நிறமாகும். ஆனால் அதை ஓர் இரவு சும்மா வைத்தால் ஊதா மறைந்து மறுபடி வெள்ளையாகிவிடும். சுண்ணாம்பு என்னவோ செத்ததுதான். பள்ளி ஆய்வகத்தில் நான்கு முறை செய்து பார்த்தேன். பின்பக்கத்தில் எழுதியது: வெள்ளையை நம்பாதே, எடை போட்டுப் பார். காற்றைக் குடித்த சுண்ணாம்பு கனக்கும். அம்மா மூட்டையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

இயந்திரம் முன்பக்கத்தை மட்டும்தான் படம் பிடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வட்டத்தில் ஷமீமாதான் சொன்னாள், ராத்திரி எடுத்து வைத்த டப்பா காலையில் வெள்ளையாகிவிட்டது என்று. முதல் சுற்றில் யாரும் மறுக்கக் கூடாது. முன்னவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தருமபுரியிலிருந்து வந்த இருவரில் ஒருத்தி, ஓய்வு கொடுத்தால் அது புதிதாகிறது என்று சேர்த்தாள். இன்னொருத்தி, இரண்டு டப்பா இருந்தால் ஆயுளுக்கும் போதும் என்றாள். நிவேதனா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்: தன்னைத் தானே புதுப்பிக்கும் சுண்ணாம்பு. மேடத்தின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. அன்றே மேலே செய்தி போனது.

என் முறை வந்தது. அது தப்பு, சீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றேன்.

எந்தச் சீட்டு என்று நிவேதனா கேட்டாள். சீட்டு நாராகி ஒரு வாரம் ஆகிவிட்டது. முதல் சுற்றில் மறுத்த குற்றத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். சோதனை முடியும்வரை நான் கேட்பவள். மணிக்கட்டில் நீலப் பட்டை. வட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. பார்த்ததை எழுதுவது மட்டும்தான் வேலை. இது தண்டனை இல்லை, இன்பென்டா பிறரைக் கேட்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு என்று மேடம் சொன்னார்.

கற்றுக்கொள்கிறேன், மேடம்.

மூன்றாம் இரவு, 23:15. அறை 3: 1.4

பகலில் அவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது ஓய்வில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அரிசி நிறுக்கும் தராசில் வைத்தேன். பத்துக் கிலோ சுண்ணாம்பு போட்டது. பன்னிரண்டு காட்டியது. பார்வைக்கு இட்லி மாதிரி வெள்ளையாக இருந்தது. தராசைத் துடைத்துவிட்டு டப்பாவை இருந்த இடத்தில் வைத்தேன்.  பயந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வந்து கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அலுவல் குறிப்பேட்டில் இன்று 0.6 என்று எழுதினேன்.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். திரையில் 1.4. நான் எழுதியது 0.6. உண்மையை எழுதினால் மேடம் நாளைக்கே சோதனையை நிறுத்திவிடுவார். பிறகு வட்டமாக உட்கார்ந்து, குழுவாகத் தோற்றோம், குழுவாகக் கற்றோம் என்று பாடம் சொல்வார். நிவேதனாவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த சீட்டுக்கும் முதலில் எழுவாள்.

அவள் உயரே ஏறி நிற்பதை நான் பார்க்க வேண்டும். எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவு உயரம். மேலதிகாரிகள் எதிரில், என் சீட்டை அவள் வாயால் சொல்லி, கை தட்டல் வாங்கி முடித்ததும், நான் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நடுவில் வைப்பேன். வாயே திறக்க மாட்டேன். கேட்பவள் பேசக் கூடாது. டப்பாவைத் தூக்கித் தராசில் வைப்பேன், அவ்வளவுதான். முள் பேசும்.

1.4 யாரையும் கொல்லாது. புத்தகத்தில் பார்த்துவிட்டேன். 2-இல் தலைவலி. 5-இல் மூச்சு வாங்கும், புத்தி மந்தமாகும். 7-க்கு மேலேதான் விழுவார்கள்.

நான்காம் இரவு, 22:40. அறை 3: 2.2

காலையில் இரண்டு தட்டு. தேநீர். கொட்டினேன்.

தருமபுரிக்காரி ஒருத்தி வட்டத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் ஏன் என்று கேட்டார். அவள் நிவேதனாவைப் பார்த்தாள். நிவேதனா சிரித்துக்கொண்டே, ராத்திரி முழுக்க இவள் என் பேச்சைக் கேட்டுத் திருத்தினாள் மேடம் என்றாள். மறுத்துப் பேச அது சுற்று இல்லை. மேடம் நீலக் குறிப்பேட்டைப் புரட்டினார். 0.5, 0.6, 0.6. அருமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது நிவேதனா என் நீலப் பட்டையைச் சுண்டிவிட்டு, நன்றாக எழுதுகிறாய், கல்லூரிக்குப் போனதும் உன்னையே எனக்குக் குறிப்பெழுத வைத்துக்கொள்கிறேன் என்றாள். பின்னால் வந்த ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் உதடு வெடித்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து 0.6 என்று எழுதினேன்.

நான்காம் இரவு, 04:20. அறை 3: 2.9

மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 3 வரவில்லை. வந்திருந்தால் அடித்திருப்பேன். அடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தாம் இரவு, 21:30. அறை 3: 1.2

இன்று கடைசி. மாலை மேடம் மின்தூக்கியில் மேலே போய்விட்டார். எப்போதும் எங்களுக்கு மேலே நிற்கும் படகு அவரை ஏற்றிக்கொண்டு, மேலதிகாரிகளை அழைத்துவரத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ஏழு மணிக்குத்தான் திரும்பும். நல்ல குழு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றிரவு எங்களுக்கு மேலே தண்ணீர் மட்டும்தான்.

இதுவரை நான் எழுதாத ஒன்று: அறை 3-க்கும் நடைபாதைக்கும் நடுவே கையகலத்தில் ஒரு காற்றுத் துளை உண்டு. இத்தனை நாள் அது திறந்திருந்தது. இன்று நிவேதனா அதற்குத் தகடு வைத்து நாடா ஒட்டிவிட்டாள். கடைசி இரவு கலப்பில்லாத சோதனையாக இருக்க வேண்டுமாம், அதிகாரிகளிடம் சொல்ல நன்றாக இருக்குமாம். ஒட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய்வரை வந்தது. நீலப் பட்டையைப் பார்த்தேன். விழுங்கினேன்.

உள்ளே ஒத்திகை நடக்கிறது. பேசுகருவியில் அவள் குரல் கேட்கிறது. "கடற்கரையில் கிடக்கும் ஒரு சாதாரணச் சிப்பியைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது" என்று தொடங்குகிறாள். எனக்குத் தோன்றியதாம். கோயம்புத்தூரில் கடற்கரை.

ஐந்தாம் இரவு, 23:40. அறை 3: 3.1

ஆடிப்பாடி இப்போதுதான் ஓய்ந்தார்கள். 3 தாண்டிவிட்டது. மணி அடிக்க வேண்டும்.

அடித்தால் நீலக் குறிப்பேட்டை எல்லாரும் பார்ப்பார்கள். நான்கு நாள் ஒழுங்காக இருந்தது ஐந்தாம் நாள் எப்படி எகிறியது என்று கேட்பார்கள். எல்லா எண்ணும் என் கையெழுத்து. பொறாமையில் பொய் எழுதினாள் என்று நிவேதனா முதலில் எழுந்து நின்று சொல்வாள். அதில் பொய் எழுதினாள் என்பது உண்மைதான். அதுதான் பயமாக இருக்கிறது.

எண் 4 ஆகும்வரை பொறுக்கிறேன். ஏழு மணிக்குத் தராசு.

ஐந்தாம் இரவு, 01:50. அறை 3: 4.6

பேசுகருவியைக் காதில் வைத்துக் கேட்டேன். நான்கு பேரும் தூக்கத்திலேயே ஓடி வந்தவர்கள்போல் மூச்சு வாங்குகிறார்கள். மணியை அடித்துவிட்டேன்.

நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

நிவேதனா: "எதுக்குடி மணி அடிக்கற? நாளைக்கு என்ற பேரு மேல போறது உனக்குப் பொறுக்கலையாக்கும்."

நான்: "எண் நாலு புள்ளி ஆறு. கதவத் தொற. துளையத் தொற."

நிவேதனா: "நேத்து வரைக்கும் புள்ளி ஆறுன்னு நீதான எழுதுன. இன்னைக்கு மட்டும் நாலு புள்ளி ஆறா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்டி."

 இரண்டு நாளாக எழுதியது பொய் என்று சொன்னால் போதும், திறப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. அவள் முதலில் சொல்லட்டும். என் சீட்டைத் திருடியவள் அவள். முதலில் எழுந்து நிற்கத்தான் அவளுக்குத் தெரியுமே.

பின்னால் ஷமீமாவின் குரல்: "தொறந்துருவோம் நிவே. எனக்கு என்னமோ செய்யிது." நிவேதனா ஏதோ சொன்னாள். கருவி அணைந்தது.

ஐந்தாம் இரவு, 02:30. அறை 3: 5.2

மறுபடி அடித்தேன். கருவியை எடுத்தாள்.  மூச்சுச் சத்தம் மட்டும். நான் சொன்னேன்: "சீட்டு யாருதுன்னு நீ சொல்லு. நான் ஒண்ணு சொல்லுதேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

கட்டிலுக்கு அடியிலிருந்து நல்ல டப்பாவை இழுத்து வெளியே வைத்திருக்கிறேன். அறை 3 உள்ளே தாழ். அவர்கள் திறந்தால்தான் இது உதவும்.

ஐந்தாம் இரவு, 03:05. அறை 3: 5.8

இந்த முறை அவளே கூப்பிட்டாள். நாக்குக் குழறுகிறது.

"இன்பா. தல பொளக்குது. அந்தச் சீட்டுல... பின்னாடி... என்ன எழுதியிருந்த?"

என்னிடம் கேட்கிறாள். இத்தனை நாளில் முதல் முறையாகப் பின்பக்கத்தைக் கேட்கிறாள். சொல்லியிருக்கலாம். இரண்டே வரி.

"மொதல்ல முன்பக்கம் யாருதுன்னு சொல்லு" என்றேன்.

பதில் வரும் என்று காத்திருக்கிறேன்.

ஐந்தாம் இரவு, 03:25. அறை 3: 6.4

இருபது நிமிடம். எழுதி வைக்கிறேன், யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. 03:05-இலிருந்து 03:25 வரை கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் வாயிலிருந்து என் பெயர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. திரை 6.0 காட்டியதைப் பார்த்தேன். 6.2 பார்த்தேன்.

பிறகு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக நான் எழுதியது பொய், டப்பா இரண்டும் செத்தவை, வெள்ளையை நம்பாதீர்கள், தாழைத் திறங்கள், ஷமீமா, ஏட்டி, எழுந்திரு, திற. மணியை விடாமல் அடித்தேன். ஏன் அடிக்கிறாய் என்று திட்டக்கூட யாரும் இல்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறேன். கதவை உடைக்க முடியுமா தெரியவில்லை. சமையலறையில் இரும்புத் தராசு இருக்கிறது, அதை வைத்து

தாழ் விலகிய சத்தம். திறந்துவிட்டார்கள். அறை 3 திறந்துவிட்டது. எண் இறங்குகிறது, 6.1. மாதாவே.

நடைபாதையில் காலடி. சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறது. எண்ணுகிறேன். உள்ளே நான்கு பேர். நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறேன். ஒருத்தியின் காலடிதான்.

ஷமீமாவாக இருக்கட்டும். தேநீரைக் குடிக்கிறேன், ஷமீமா. எல்லாத் தேநீரையும் குடிக்கிறேன். ஷமீமா என்றால் இரண்டு தட்டுத் தட்டுவாள், பிறகு நிறுத்துவாள்.

தட்டுகிறாள். ஒன்று. இரண்டு.

மூன்று. நிறுத்தவில்லை. "உன் சீட்டுதான் இன்பா. உன் சீட்டுதான். உன் சீட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தட்